ரிப்போர்ட்டில் நார்மல், நடையில் தள்ளாட்டம்: ஃபெனிடாயினோடு வால்ப்ரோயேட் சேர்ந்த ஒரு நிகழ்வு

வலிப்பு நோய்ப் பிரிவுகளில் திரும்பத் திரும்பப் பார்க்கும் ஒரு சிக்கலை எடுத்து, ஒரே நோயாளியின் கதையாகக் கோத்து எழுதிய கற்பித்தல் நிகழ்வு இது. எந்தத் தனி மனிதரின் கேஸ் ஷீட்டும் இல்லை. எண்கள் ஒன்றோடொன்று பொருந்தும்படி அமைக்கப்பட்டவை.

நோயாளி

46 வயது ஆண், விசைத்தறித் தொழிலாளி, எடை 58 கிலோ. 9 ஆண்டுகளுக்கு முன் பைக்கிலிருந்து விழுந்ததில் மூளையின் இடது பொட்டுப் பக்கத்தில் தழும்பு. அதிலிருந்து வலிப்பு. முதலில் வாயைச் சப்புக்கொட்டுவார், கூப்பிட்டால் பதில் வராது, அரை நிமிடத்தில் உடல் முழுக்க இழுக்கும். இரவில் ஃபெனிடாயின் சோடியம் 300 மி.கி. மட்டும் எடுத்து வந்தார். இடையில் லெவெடிராசிடம் என்ற இன்னொரு வலிப்பு மருந்தைக் கொடுத்துப் பார்த்ததில், தொட்டதற்கெல்லாம் எரிந்து விழ ஆரம்பித்ததால் அதை நிறுத்திவிட்டார்கள்.

கடந்த மூன்று மாதத்தில் இரண்டு முறை வலிப்பு. அப்போது பார்த்த ரத்த ஃபெனிடாயின் அளவு 13.1 மைக்ரோகிராம்/மி.லி. (வழக்கமான வரம்பு 10 முதல் 20). ரத்தத்தில் உள்ள புரதமான ஆல்புமின் 3.2 கிராம்/டெ.லி., கொஞ்சம் குறைவு. அந்த 3.2-ஐ யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதை இங்கேயே குறித்துவைத்துக்கொள்வோம்.

இரண்டாவது மருந்தாக சோடியம் வால்ப்ரோயேட் சேர்க்கப்பட்டது. காலை 500, இரவு 500 மி.கி., முதல் நாளிலிருந்தே முழு அளவு. இந்த நாளை 0 என்று வைத்துக்கொண்டால்:

8ஆம் நாள்: ஒரு வலிப்பு. முந்தைய இரண்டு இரவும் நைட் ஷிப்ட், தூக்கமே இல்லை.
9ஆம் நாள்: காலை 11 மணிக்கு, காலை வால்ப்ரோயேட் போட்ட பிறகு, ரத்தம் எடுக்கப்பட்டது. ஃபெனிடாயின் 9.4. ரிப்போர்ட்டில் "குறைவு" என்று அச்சாகியிருந்தது.
10ஆம் நாள்: ஃபெனிடாயின் 400 மி.கி. ஆக்கப்பட்டது.
22ஆம் நாள்: கொமட்டல், வாந்தி, எதைப் பார்த்தாலும் இரண்டிரண்டாகத் தெரிகிறது, சுவரைப் பிடிக்காமல் நடக்க முடியவில்லை. அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டி வந்தார்கள்.

அங்கே கேட்ட முதல் கேள்வியே "குடிச்சிருக்காரா?" என்பதுதான். மனைவி பதறிப்போனார்: "சத்தியமா இல்லைங்க சார். பத்து நாளாவே இப்படித்தான் ஆடிட்டே நடக்கறாருங்க. புது மாத்திரை சேர்த்ததுக்கப்புறந்தானுங்க." ஆடிக்கொண்டு வருபவரிடம் குடியைப் பற்றிக் கேட்பது தப்பில்லை. அந்தப் பதிலின் கடைசி வாக்கியத்தைக் கேஸ் ஷீட்டில் எழுதாமல் விடுவதுதான் தப்பு.

பரிசோதனையில் இரு பக்கமும் பார்க்கச் சொன்னபோது கருவிழி துடித்துத் துடித்து அசைந்தது. குதிகாலோடு விரலை ஒட்டி நேர்கோட்டில் நடக்கச் சொன்னால் இரண்டடிக்கு மேல் முடியவில்லை. பேச்சு குழறியது. கைகளை நீட்டி மணிக்கட்டை மேலே மடக்கச் சொன்னபோது கை படபடவென்று விழவில்லை. சர்க்கரையும் சோடியமும் சரியாக இருந்தன. மூளை சி.டி.யில் பழைய தழும்பைத் தவிர வேறொன்றும் இல்லை. அம்மோனியா சற்றே கூடுதல். வால்ப்ரோயேட் 68 (வரம்பு 50 முதல் 100).

ஃபெனிடாயின் 18.2. வரம்புக்குள்தான். முதல் பார்வையில் "மருந்து அளவு நார்மல், காரணம் வேறு" என்று எழுதி வைத்தார்கள்.

18.2 என்பதற்குள் என்ன இருக்கிறது

ஆய்வகம் சாதாரணமாகச் சொல்வது ரத்தத்தில் உள்ள மொத்த ஃபெனிடாயினை. அதில் ஏறத்தாழ 90 சதவீதம் ஆல்புமினோடு ஒட்டிக்கொண்டிருக்கும், மூளைக்குள் போகாது. ஒட்டாமல் திரியும் 10 சதவீதம்தான் வலிப்பையும் அடக்கும், நடையையும் தள்ளாட வைக்கும். மொத்த அளவின் 10 முதல் 20 வரம்பு, ஒட்டாத பங்கின் 1 முதல் 2 வரம்பை மனதில் வைத்துப் போட்டதுதான். அந்த 10 சதவீதம் மாறாத வரை எல்லாம் சரி.

இவரிடம் அதை மாற்றியவை இரண்டு. ஆல்புமின் குறைவு என்பதால் ஒட்டும் இடமே குறைவு. இருக்கிற இடத்தையும் வால்ப்ரோயேட் பிடித்துக்கொண்டது, அதுவும் ஆல்புமினில்தான் ஒட்டும். இடம் போன ஃபெனிடாயின் வெளியே வருகிறது. வந்ததைக் கல்லீரல் வழக்கம்போல் சிதைத்து அனுப்புகிறது. இதனால் மொத்த அளவு இறங்குகிறது, ஒட்டாத அளவு பழையபடியே நிற்கிறது. மருந்தின் வேலை ஒன்றும் குறையவில்லை, ரிப்போர்ட்டில் எண் மட்டும் குறைகிறது.

இதோடு முடிந்திருந்தால் பெரிய ஆபத்தில்லை. ஆனால் ஃபெனிடாயினைச் சிதைக்கும் முக்கிய நொதியான சைப் 2சி9-ஐ வால்ப்ரோயேட் ஓரளவு தடுக்கவும் செய்யும். அப்போது ஒட்டாத அளவே ஏறத் தொடங்கும். இந்த நொதியைப் பிறவியிலேயே மந்தமாக வைத்திருக்கும் மரபு மாறுபாடு தென்னிந்தியரிடமும் உண்டு என்று புதுச்சேரி ஜிப்மர் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அப்படிப்பட்டவரிடம் இந்த ஜோடி இன்னும் வேகமாக எல்லை தாண்டும்.

ஆல்புமினுக்காகத் திருத்தும் ஷைனர்–டோஸர் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அளந்த எண்ணை, ஆல்புமினை 0.2 ஆல் பெருக்கி 0.1 கூட்டி வரும் தொகையால் வகுக்க வேண்டும். 3.2 × 0.2 = 0.64. அதோடு 0.1 சேர்த்தால் 0.74. 18.2 ÷ 0.74 = 24.6. ஆக, "நார்மல்" 18.2 உண்மையில் 24.6-க்குச் சமம், வரம்பைத் தாண்டிவிட்டது. ஒட்டாத பங்கு சுமார் 2.5 இருக்கும் என்று இந்தக் கணக்கு சொல்லும்.

மாதிரியை வெளி ஆய்வகத்துக்கு அனுப்பி ஒட்டாத ஃபெனிடாயினை நேராக அளந்தபோது வந்தது 3.6. சூத்திரம் சொன்னதைவிடக் கணிசமாக அதிகம். காரணம் எளிது. சூத்திரத்துக்கு ஆல்புமின் எவ்வளவு என்று தெரியும், அதில் எத்தனை இடத்தை வால்ப்ரோயேட் பிடித்திருக்கிறது என்று தெரியாது. வால்ப்ரோயேட் எடுக்கும் நோயாளியிடம் இந்தச் சூத்திரத்தை நம்பி "பரவாயில்லை" என்று முடிவெடுக்கக் கூடாது. இது பெரும்பாலும் குறைத்தே சொல்லும்.

இப்போது 9ஆம் நாளுக்குத் திரும்பலாம். 18.2-இல் 3.6 என்றால் ஒட்டாத பங்கு ஏறத்தாழ 20 சதவீதம். அதே விகிதத்தை 9.4-க்குப் போட்டால் சுமார் 1.9. வால்ப்ரோயேட் சேர்ப்பதற்கு முன்பு 13.1 இருந்தபோது, ஆல்புமினுக்குத் திருத்தினால் 17.7, ஒட்டாதது சுமார் 1.8. மொத்த அளவு 13.1-இலிருந்து 9.4-க்கு இறங்கிய அந்த ஒன்பது நாளில் மூளை பார்த்த ஃபெனிடாயின் 1.8-இலிருந்து 1.9-க்குத்தான் போயிருக்கிறது. அன்று அவருக்குத் தேவைப்பட்டது இரண்டு இரவுத் தூக்கம். கிடைத்தது கூடுதலாக ஒரு மாத்திரை.

மாதிரி எடுத்த நேரமும் பிசகியது. வால்ப்ரோயேட் ஏறும் மணிகளில் அது அதிக இடத்தைப் பிடிக்கும், அப்போது ஃபெனிடாயினின் ஒட்டாத பங்கும் கூடும். காலை 11 மணி மாதிரியையும் விடியற்காலை மாதிரியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. காலை மருந்துக்கு முன், ஒவ்வொரு முறையும் அதே நேரத்தில் எடுக்க வேண்டும். அளவு மாற்றியபின் ஃபெனிடாயின் நிலைகொள்ள ஒன்றிலிருந்து மூன்று வாரம் ஆகும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

ஒரு மாத்திரை கூடினால் இவ்வளவா?

300-ஐ 400 ஆக்கினால் மருந்து மூன்றில் ஒரு பங்கு கூடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். பெரும்பாலான மருந்துகளில் அப்படித்தான் நடக்கும். ஃபெனிடாயின் அப்படியில்லை. அதைச் சிதைக்கும் நொதி, சிகிச்சைக்கான அளவிலேயே கிட்டத்தட்ட முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அதற்குமேல் கொடுப்பதெல்லாம் தேங்கும்.

ஒரு கணக்கு. கல்லீரல் ஒரு நாளைக்கு அதிகபட்சம் 450 மி.கி. சிதைக்கும் என்றும், அதன் பாதி வேகத்தை எட்டும் ரத்த அளவு 5 என்றும் வைத்துக்கொள்வோம். தினம் 300 மி.கி. கொடுத்தால் ரத்த அளவு 10-இல் நிற்கும். 350 கொடுத்தால் 17.5. 400 கொடுத்தால் 40. முதல் 50 மி.கி. 7.5 ஏற்றியது, அடுத்த 50 மி.கி. 22.5 ஏற்றியது. நச்சு அறிகுறிகள் வரும் வரிசையும் பழக்கப்பட்டதுதான்: மொத்த அளவு 20-ஐத் தாண்டும்போது கண் துடிப்பு, 30-ஐ ஒட்டித் தள்ளாட்டம், 40-க்கு மேல் மயக்கமும் குழப்பமும். ஆல்புமின் சரியாக இருப்பவருக்கான படிகள் இவை. நம் நோயாளி 18-இலேயே இரண்டாவது படியில் நின்றார்.

எனவே 300 மி.கி.யில் இருப்பவருக்குக் கூட்டியே ஆக வேண்டுமென்றால் 25 அல்லது 50 மி.கி.தான் கூட்ட வேண்டும். 50 மி.கி. மாத்திரை கடையில் கிடைக்கிறது. 100-ஐ எழுதுவது பெரும்பாலும் கைப்பழக்கம்தான். கூடவே இன்னொன்று: மாத்திரையில் இருப்பது ஃபெனிடாயின் சோடியம், அதில் ஃபெனிடாயின் 92 சதவீதம். குடிக்கும் சஸ்பென்ஷனில் இருப்பது முழு ஃபெனிடாயின். எல்லையை இவ்வளவு நெருங்கி நிற்பவரிடம், மாத்திரையிலிருந்து மருந்துநீருக்கு மி.கி.க்கு மி.கி. மாற்றினால் அந்த 8 சதவீதமே தள்ளாட வைக்கப் போதும். பாட்டிலைக் குலுக்காமல் ஊற்றினால் முதலில் நீர்த்ததும் அடியில் கெட்டியானதும் போகும்.

வார்டில்

22, 23 இரவுகளில் ஃபெனிடாயின் நிறுத்தப்பட்டது. வால்ப்ரோயேட் தொடர்ந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் நிறுத்துவது இடைவிடாத வலிப்பை வாசலில் கொண்டுவந்து நிறுத்தும். அவசரத்துக்கு லோராசிபம் ஊசி படுக்கையருகே தயாராக இருந்தது.

24ஆம் நாள் காலை மொத்த அளவு 8.0, ஒட்டாதது 1.6. ரிப்போர்ட் மறுபடியும் "குறைவு" என்றது. இந்த முறை யாரும் அதைக் கேட்டு மாத்திரையைக் கூட்டவில்லை. அன்றிரவு 250 மி.கி. தொடங்கப்பட்டது: 100 இரண்டு, 50 ஒன்று. 25ஆம் நாள் இரட்டைப் பார்வை போனது. நேர்கோட்டு நடை சரியாக இன்னும் நான்கு நாள் பிடித்தது.

இடையில் இன்னொரு விபத்து நடக்கப் பார்த்தது. வாந்தியில் கொஞ்சம் நுரையீரலுக்குள் போயிருந்தது. 23ஆம் நாள் காய்ச்சல், வலது கீழ்ப்பக்கம் சளிச் சத்தம். மெரோபெனெம் என்ற ஆன்டிபயாடிக் ஊசி எழுதப்பட்டது. மருந்தாளுநர் அதைக் கொடுக்காமல் வார்டுக்குப் போன் செய்தார்: "வால்ப்ரோயேட்ல இருக்கறவருக்கு மெரோபெனெமா சார்?" பிபராசிலின்–டாசோபாக்டமாக மாற்றினார்கள்.

அந்தப் போன் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு விளக்கம். வால்ப்ரோயேட்டின் ஒரு பகுதியைக் கல்லீரல் சர்க்கரையோடு கட்டி அனுப்பும். அதைத் திரும்பப் பிரித்து மருந்தாக்கும் ஒரு நொதியும் உடலில் உண்டு. மெரோபெனெம், இமிபெனெம், எர்டாபெனெம் வகை அந்த நொதியை முடக்குகிறது. வால்ப்ரோயேட் அளவு 24 மணி நேரத்திலேயே சரியத் தொடங்கும், பாதிக்கும் கீழே போகும். வால்ப்ரோயேட்டைக் கூட்டிக் கொடுத்தும் ஈடுகட்ட முடியாது. ஆன்டிபயாடிக்கை நிறுத்திய பிறகும் அளவு மீள ஒன்றிரண்டு வாரம் ஆகும். ஃபெனிடாயினை நிறுத்தி வைத்து வால்ப்ரோயேட்டை மட்டும் நம்பியிருந்த அந்த இரண்டு நாளில் இது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று விரித்துச் சொல்லத் தேவையில்லை. வேறு வழியே இல்லாமல் மெரோபெனெம் கொடுக்க நேர்ந்தால், அது ஏறும் முன்பே வேறொரு வலிப்பு மருந்தைச் சேர்த்துவிட வேண்டும்.

ஃபெனிடாயினிலிருந்து வெளியே வருவது

இந்த ஜோடியைத் தொடர்வதில்லை என்று முடிவானது. லெவெடிராசிடம் ஒத்துக்கொள்ளாதவர் என்பதால் லாமோட்ரிஜின் என்ற வலிப்பு மருந்து. வால்ப்ரோயேட்டோடு சேர்ந்தால் வலிப்பை நன்றாக அடக்கும் துணை இது. ஆனால் சேர்க்கும் விதத்தில் பிழை வந்தால் தோலே உரிந்துபோகும் அளவுக்குப் போகலாம்.

லாமோட்ரிஜின் தனியாக இருந்தால் உடலில் பாதியாகக் குறைய 25 முதல் 30 மணி நேரம். ஃபெனிடாயின் போல் நொதியைத் தூண்டும் மருந்து கூட இருந்தால் சுமார் 14 மணி. வால்ப்ரோயேட் கூட இருந்தால் சுமார் 60 மணி. ஒரே மாத்திரை, நான்கு மடங்குக்கு மேல் வித்தியாசம். இவர் உடம்பில் தூண்டுவதும் தடுப்பதும் இரண்டும் இருக்கின்றன. அப்போது எந்த அட்டவணை? எப்போதும் வால்ப்ரோயேட்டின் மெதுவான அட்டவணைதான், ஏனென்றால் தூண்டும் மருந்து போகப்போகிறது, தடுக்கும் மருந்து இருக்கப்போகிறது.

ஆறாவது வாரம் தொடக்கம்: முதல் இரண்டு வாரம் 25 மி.கி. ஒருநாள் விட்டு ஒருநாள். அடுத்த இரண்டு வாரம் தினம் 25. அடுத்த இரண்டு வாரம் தினம் 50. பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 25 கூட்டி 100 வரை.

ஒருநாள் விட்டு ஒருநாள் என்பது எழுதும்போது எளிது, வீட்டில் குழப்பம். "ஒற்றைப்படைத் தேதியில் போடுங்க" என்று சொல்லிவிடுவார்கள். 31ஆம் தேதி போட்டு, மறுநாள் 1ஆம் தேதியும் போட்டுவிடுவார். அதனால் தேதி கிழிக்கும் காலண்டரிலேயே போட வேண்டிய ஏழு நாளுக்கும் மனைவி பேனாவால் வட்டம் போட்டுக்கொண்டார். முதல் எட்டு வாரத்துக்குள் தோலில் தடிப்பு, காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவப்பு, எது வந்தாலும் அடுத்த லாமோட்ரிஜின் மாத்திரையைப் போடாமல் அன்றே வர வேண்டும் என்று சொல்லப்பட்டது. மற்ற மருந்துகள் தொடர வேண்டும். லாமோட்ரிஜின் பல நாள் விட்டுப்போனால் பழைய அளவில் தொடரக் கூடாது, முதல் படியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

லாமோட்ரிஜின் 50 ஆனதும் ஃபெனிடாயின் இரண்டு வாரத்துக்கு 50 மி.கி. வீதம் குறைக்கப்பட்டது. தூண்டும் மருந்தை நிறுத்தினால் அது தூண்டிய நொதி மறுநாளே அடங்கிவிடாது. இரண்டு மூன்று வாரம் எடுத்துப் பழைய நிலைக்கு வரும். மற்ற மருந்துகள் அப்போதுதான் ஏறும். ஃபெனிடாயினின் கடைசி மாத்திரை போட்ட பதினெட்டாம் நாள் இவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. தறியில் நூலுக்கு முடிச்சுப் போட முடியவில்லை. வால்ப்ரோயேட் 68-இலிருந்து 94-க்குப் போயிருந்தது, ஒரு மாத்திரைகூடக் கூட்டாமலே. லாமோட்ரிஜினும் வால்ப்ரோயேட்டும் சேர்ந்தாலே நடுக்கம் வரலாம், அளவு ஏறினால் அதிகமாகும். வால்ப்ரோயேட் காலை 300, இரவு 500 ஆகக் குறைக்கப்பட்டது. பத்து நாளில் மறுபடி முடிச்சுப் போட்டார்.

நிறுத்திய மருந்தை யாரும் சந்தேகிப்பதில்லை. "இப்ப என்ன மருந்து எடுக்கறீங்க?" என்பதோடு "கடந்த ஒரு மாசத்துல எதை நிறுத்தினீங்க?" என்றும் கேட்டால்தான் இது பிடிபடும்.

இதே குழி, வேறு இடங்களில்

கார்பமஸெபின் என்ற வலிப்பு மருந்தோடு வால்ப்ரோயேட் சேர்ந்தால் கார்பமஸெபின் அளவு நார்மலாகவே காட்டும். ஆனால் அதன் சிதைவுப் பொருளான எபாக்சைடை வால்ப்ரோயேட் தேங்க வைக்கும். அதுவும் தலைசுற்றலும் இரட்டைப் பார்வையும் தரும், சாதாரண ரிப்போர்ட்டில் வராது.

கார்பமஸெபின் எடுப்பவருக்குத் தொண்டைக்கட்டுக்கு எரித்ரோமைசினோ கிளாரித்ரோமைசினோ கொடுத்தால் மூன்றாம் நாளே தள்ளாடக்கூடும். அசித்ரோமைசினில் இந்தச் சிக்கல் கிட்டத்தட்ட இல்லை.

காசநோய் மருந்தைப் பற்றிக் கட்டாயம் கேட்க வேண்டும். ஐசோனியாசிட் ஃபெனிடாயினை ஏற்றும், குறிப்பாக அதை மெதுவாகச் சிதைப்பவர்களிடம். தென்னிந்தியரில் பாதிக்கும் மேற்பட்டோர் அந்த வகை. கூடவே வரும் ரிஃபாம்பிசின் எதிர்த்திசையில் இழுக்கும். எது வெல்லும் என்று முன்கூட்டிச் சொல்வது கடினம், அளந்துதான் பார்க்க வேண்டும். பூஞ்சைத் தொற்றுக்குக் கொடுக்கும் ஃபுளுகோனசோல் மாத்திரையும் ஃபெனிடாயினை நன்றாகவே ஏற்றும்.

நோயாளி குழந்தை பெறும் வயதுப் பெண்ணாக இருந்திருந்தால் வால்ப்ரோயேட்டையே முடிந்தவரை தவிர்த்திருக்க வேண்டும், கருவுக்கு அது செய்யும் தீங்கு அவ்வளவு. ஃபெனிடாயினும் கார்பமஸெபினும் கருத்தடை மாத்திரையைச் செயலிழக்க வைக்கும். ஈஸ்ட்ரோஜென் உள்ள கருத்தடை மாத்திரையோ லாமோட்ரிஜினைப் பாதி வரைக்கும் இறக்கிவிடும்.

ஐந்தாம் மாத முடிவில்

லாமோட்ரிஜின் 100, வால்ப்ரோயேட் 800. நைட் ஷிப்ட் மாற்றித் தரப்பட்டது. வலிப்பு இல்லை, கண் துடிப்பு இல்லை, தட்டணுக்கள் 1.6 லட்சம். மருந்து அட்டையின் மேல் சிவப்பு மையில் இரண்டு வரி எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஒன்று: "வால்ப்ரோயேட் எடுப்பவர், மெரோபெனெம் வகை ஊசி கூடாது." இரண்டாவது அடுத்து பார்க்கப்போகும் மருத்துவருக்கு: "வால்ப்ரோயேட்டைக் குறைத்தாலோ நிறுத்தினாலோ லாமோட்ரிஜின் அளவு பாதியாக இறங்கும். படிப்படியாக 200 வரை ஏற்றிக்கொண்டே குறைக்கவும்."